குறுக்கீடு வரும் என்றே வைத்துக்கொள்வோம்



2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படும் 41 கருவிகளை, நோயாளி எவரும் இணைக்கப்படாத நிலையில், ஓர் அறையில் இயக்கினார்கள். பொருள்களின் மீது ஒட்டப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகளைப் படிக்கும் ரீடர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கருவிகளின் அருகே கொண்டுவந்தார்கள். மொத்தம் 123 சோதனைகள். 34 முறை கருவி தடுமாறியது. அவற்றுள் 22 தடுமாற்றங்களை, நோயாளி இணைக்கப்பட்டிருந்தால் ஆபத்தானவை என்று வகைப்படுத்தினார்கள். சிரிஞ்ச் பம்ப் நின்றது, வென்டிலேட்டர் அணைந்தது, உடலுக்கு வெளியே வைக்கப்படும் பேஸ்மேக்கர் தாளம் தவறியது. தடுமாற்றம் நிகழ்ந்த தூரங்களின் இடைநிலை அளவு 30 சென்டிமீட்டர். ஒரு கட்டிலுக்கும் அதை ஒட்டி நிற்கும் கருவித் தாங்கிக்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவுதான். அந்த ரீடர்கள் மருத்துவமனைக்குள் வந்ததற்குக் காரணமே நோயாளியின் பாதுகாப்பு: மருந்து மாறிவிடக் கூடாது, ரத்தப் பை மாறிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். சோதித்த கருவிகளும் மட்டமானவை அல்ல. 22 நிறுவனங்கள் தயாரித்து, மருத்துவமனைகள் ஏற்று அன்றாடம் பயன்படுத்திய கருவிகள்தாம். இரண்டு பக்கமும் விதிப்படி நடந்திருக்க, நடுவில் கிடக்கப்போகும் நோயாளிக்கு மட்டும் ஆபத்து வருகிறது என்றால், நாம் பாதுகாப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்க வேண்டும். இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மின்னோட்டம் மாறும் இடத்திலெல்லாம் ஒரு மின்காந்தப் புலம் பிறக்கிறது. அந்தப் புலம் எட்டும் இடத்தில் கம்பி ஒன்று இருந்தால், அது கேட்காமலே அலைவாங்கி ஆகிவிடுகிறது. லிஃப்ட்டின் மோட்டார், வெல்டிங் எந்திரம், செல்போன், மின்னல், சூரியனிலிருந்து கிளம்பும் புயல் என மூலங்கள் பல. உள்ளே நுழையும் விதம் ஒன்றே. நமக்குத் தேவையில்லாத ஒரு மின்னழுத்தம் தேவையான சைகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதைத்தான் மின்காந்தக் குறுக்கீடு என்கிறோம். பாட்டு கேட்கும்போது கரகரப்பு வந்தால் எரிச்சலோடு முடிந்துவிடும். ரயிலின் சமிக்ஞை, விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி, இதயத்துக்குத் துணைநிற்கும் கருவி போன்றவற்றில் அதே கரகரப்பு ஒரு தவறான கட்டளையாக மாறலாம். அப்படி மாறும் ஆபத்தை இன்று நாம் ஒரு சோதனைச் சான்றிதழைக் கொண்டு அளக்கிறோம். அந்த அளவுகோல் போதாது என்பது என் வாதம். உயிர் சார்ந்த எந்த மின்னணு அமைப்பையும் குறுக்கீடு உள்ளே வந்தே தீரும் என்று எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும்; வந்தபின் அந்த அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைச் செய்தவர் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அலைகளை விழுங்கும் கூம்புகள் சுவரெங்கும் பதித்த, எதிரொலியற்ற உலோக அறை. நடுவே மேசையில் கருவி. சில மீட்டர் தள்ளி அலையை வீசும் ஓர் ஆன்டெனா. 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு அதிர்வெண்ணாக, ஒரு சதவீதப் படிகளில் ஏறிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் குறிப்பிட்ட வலிமையுள்ள புலத்தைக் கருவியின் மேல் பாய்ச்சுவார்கள். கருவியை நான்கு பக்கமும் திருப்பி, ஆன்டெனாவைக் கிடையாகவும் நெடுக்காகவும் வைத்து மறுபடி செய்வார்கள். சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில் இந்த வேலை மிகுந்த கவனத்தோடு நடக்கிறது. குறை சோதிப்பவரிடம் இல்லை; சோதனையிடம் நாம் கேட்கும் கேள்வி குறுகலானது. அந்த அறைக்குள் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்தான். வெளியுலகில் பத்துப் பதினைந்து மூலங்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அங்கே பாயும் அலை ஒரு சீரான ஆயிரம் ஹெர்ட்ஸ் தாளத்தில் ஏறி இறங்குகிறது. உண்மையான செல்போனும் ரீடரும் வெட்டு வெட்டாக, தங்களுக்கே உரிய தாளத்தில் துடிக்கின்றன. கருவியின் உள்ளே ஓடும் கணக்கின் தாளத்தோடு அது ஒத்துப்போய்விட்டால் சிறிய அலைகூடப் பெரிய பிழையைச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைக்குள் வருவது தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த புத்தம் புதிய கருவி.

புலத்தின் வலிமையைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மருத்துவமனைக் கருவிகளுக்கு வெகுகாலம் பொதுவாகக் கேட்கப்பட்ட தாங்குதிறன் மீட்டருக்கு 3 வோல்ட். இரண்டு வாட் ஆற்றலுள்ள கையடக்க ஒலிபரப்பி ஒன்று இந்த அளவுக்குக் கீழே இறங்க ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு மீட்டரில் அது 8 வோல்ட்டைத் தாண்டுகிறது. 30 சென்டிமீட்டரில் 28 வோல்ட். தூரம் பாதியானால் புலம் இரட்டிப்பாகும் என்பதுதான் இதன் சூத்திரம். வார்டு வாசலில் வாக்கிடாக்கியோடு நிற்கும் காவலர் கட்டிலுக்கு அருகே இரண்டு அடி எடுத்துவைத்தால் சான்றிதழின் எல்லை முடிந்துபோகிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) மருத்துவக் கருவிகளுக்கு வகுத்த தரத்தின் நான்காம் பதிப்பு 2014இல் வந்தபோது இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு, அருகில் வரும் கம்பியில்லாச் சாதனங்களுக்காகச் சில அதிர்வெண்களில் அதே 28 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்று சேர்த்தது. இடர் மேலாண்மைக் கோப்பில் மின்காந்தக் குறுக்கீடும் இடம்பெற வேண்டும் என்றும் அந்தப் பதிப்பு கேட்டது. என் பார்வையில் எண்ணை உயர்த்தியதைவிட இந்த இரண்டாவது மாற்றம்தான் பெரியது.

காலம் ஒரு கருவியை என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கவசமுள்ள ஒரு கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சைகைக் கம்பி, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிகளால் பின்னிய உறை. அந்தப் பின்னல் கேபிள் முனையில் இணைப்பியின் உலோக உடலை முழு வட்டமாகத் தழுவிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து வரும் அலை உறையின் மேலேயே ஓடி, பெட்டியின் மேற்பரப்புக்குப் போய்விடும். கேபிள் ஒருநாள் அறுந்துபோகிறது. பழுது பார்ப்பவர் பின்னலைப் பிரித்து, முறுக்கி, ஐந்து சென்டிமீட்டர் வால் ஒன்றாக ஆக்கி, எர்த் திருகில் மாட்டிவிடுகிறார். மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பு சரியாக இருக்கிறது. கருவி ஓடுகிறது. ஆனால் நேர்க்கம்பி ஒன்றின் தூண்டல் மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு நானோஹென்றி. அந்த ஐந்து சென்டிமீட்டர் வால், 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு முப்பது ஓம் தடையாக நிற்கிறது. மல்டிமீட்டருக்குச் சுழியம், குறுக்கீட்டுக்கு முப்பது ஓம். போக வழியில்லாத அலை உள்ளே திரும்புகிறது. பெட்டியின் மூடியும் இப்படித்தான். இரண்டு திருகுகளைத் திரும்பப் போடாமல் விட்டால் மூடிக்கும் உடலுக்கும் நடுவே பதினைந்து சென்டிமீட்டர் நீள இடுக்கு கிடைக்கும். காகிதம் நுழையாத இடுக்காக இருந்தாலும், ஒரு கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது நன்றாக ஒத்திசையும் அலைவாங்கி. இவற்றோடு கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டின் உலோகத் தொடுகையும் துருப்பிடிக்கிறது. மின்னழுத்த எழுச்சியை விழுங்கும் பாகங்கள் ஒவ்வொரு எழுச்சிக்கும் கொஞ்சம் தேய்கின்றன. கருவியின் மேல் ஒட்டிய சான்றிதழ் முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது.

கருவி மாறாமலே இருந்தாலும் அக்கம்பக்கம் மாறுகிறது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ உயரமானிகள் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வேலை செய்கின்றன. அவை வடிவமைக்கப்பட்ட காலத்தில் பக்கத்துப் பட்டை அமைதியாக இருந்தது. அதனால் பக்கத்துச் சத்தத்தை வடிகட்டும் திறன் பல உயரமானிகளுக்குத் தேவைப்படவே இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 5ஜி சேவை தொடங்கியபோது பெரிய கலக்கம் எழுந்தது. விமான நிலையங்களுக்கு அருகே கோபுரங்களை இயக்குவதைத் தள்ளிவைத்தார்கள்; பிறகு விமானங்களில் புதிய ஃபில்டர்களைப் பொருத்தினார்கள். இந்தியாவில் அதே ஆண்டின் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் 5ஜி நிலையங்களை நிறுவ வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. இங்கேயும் யாரும் விதி மீறவில்லை. ஒரு கருவி முப்பது ஆண்டு உழைக்கும். அதைச் சுற்றியுள்ள அலைவரிசைகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். அப்படியிருக்க, முதல் நாள் சோதனை முப்பதாவது ஆண்டுக்கு எப்படிப் பொறுப்பேற்கும்?

சரி, சோதனையின் அளவைக் கூட்டிவிட்டால் என்ன என்று பொறியாளர்கள் பலர் கேட்பார்கள். மூன்று வோல்ட்டுக்குப் பதில் முப்பது வோல்ட். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டு காரணங்களால் அது கைகொடுக்காது. குறைந்த புலத்தில் தடுமாறி, கூடிய புலத்தில் சரியாக ஓடும் சுற்றுகள் உண்டு. மின்னணுச் சுற்றின் பதில் எப்போதும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. இரண்டாவது காரணம் வெறும் கணக்கு. ஐ.இ.சி. 61508 என்ற செயற்பாட்டுப் பாதுகாப்புத் தரம், அதன் மூன்றாம் பாதுகாப்பு நிலையில் உள்ள தொடர்ந்து இயங்கும் அமைப்பு ஆபத்தான முறையில் தவறுவது ஒரு கோடி மணி நேரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு கோடி மணி நேரம் என்பது 1,140 ஆண்டுகள். மென்பொருளைச் சோதித்து மட்டுமே அந்த அளவு நம்பிக்கையைப் பெற முடியாது என்பதை மென்பொருள் உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால்தான் வடிவமைப்பு முறையையும் சரிபார்ப்பையும் சேர்த்துக் கேட்கிறார்கள். மின்காந்தத்தில் மட்டும் சில நாள் சோதனை ஆயிரம் ஆண்டுக்குச் சாட்சி சொல்லும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இன்னொரு பதில் வரும்: ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறதே, மூன்று கணினி வைத்துப் பெரும்பான்மை முடிவை எடுத்துக்கொள்ளலாமே. பாகம் தேய்ந்து தானாகப் பழுதாவதற்கு இது அருமையான மருந்து. மூன்றும் ஒரே நாளில் தேயாது. குறுக்கீடு அப்படி வருவதில்லை. ஒரே அச்சில் வார்த்த மூன்று கணினிகள், ஒரே அலமாரியில், ஒரே நீளக் கேபிள்களோடு இருந்தால் மூன்றும் ஒரே அலையை ஒரே கணத்தில் வாங்கி ஒரே தவறைச் செய்யும். வாக்கெடுப்பில் தவறு ஏகமனதாக வெல்லும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 மார்ச் 13 அதிகாலை நடந்தது இதற்கு மிகப் பெரிய சான்று. சூரியப் புயலால் பூமியின் காந்தப்புலம் அதிர்ந்தது. நீண்ட மின்பாதைகளில் நேர்மின்னோட்டம் போன்ற மெல்லிய ஓட்டம் புகுந்து, மின்மாற்றிகளின் இரும்பு உள்ளகத்தைத் தெவிட்டச் செய்து, மின்னலையின் வடிவத்தைச் சிதைத்தது. வடக்கே லா கிராந்த் நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் 735 கிலோவோல்ட் பாதைகளின் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க ஏழு ஈடுசெய்யும் சாதனங்கள் இருந்தன. சிதைந்த அலையைக் கண்ட அவற்றின் பாதுகாப்பு ரிலேக்கள், சாதனத்துக்கு ஆபத்து என்று எண்ணி, ஒரு நிமிடத்துக்குள் ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்தன. ஏழுமே நல்ல நிலையில்தான் இருந்தன. தாங்கல் போனதும் மின்வலை சரிந்தது. அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். ஏழு காவலர்களுக்கும் ஒரே பயம் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது என்று சொல்லலாம். பின்னால் அந்த ரிலேக்களின் வரம்புகளை மாற்றி அமைத்தார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குறுக்கீட்டால் உயிர் போனது என்று உறுதியாக நிறுவிய விபத்துகள் எத்தனை? கையில் உள்ள சான்றுகள் மெலிந்தவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1967இல் 134 பேரைப் பலிகொண்ட ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பல் தீவிபத்தை, ரேடார் அலை ஏவுகணையைக் கிளப்பிய கதையாகப் பலர் எழுதுகிறார்கள். அதிகாரபூர்வ விசாரணை சொன்னதோ, விமானத்தின் மின்சாரத்தை வெளி மூலத்திலிருந்து உள் மூலத்துக்கு மாற்றும்போது எழுந்த மின்னழுத்த எழுச்சி என்று. நம் வாதத்துக்கு வசதியான கதை என்பதற்காக அதை எடுத்தாளக் கூடாது. ஆனால் சான்று ஏன் மெலிந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். எரிந்த கம்பி கரியை விட்டுச்செல்லும், முறிந்த அச்சு முறிவை விட்டுச்செல்லும். குறுக்கீடு எதையும் விட்டுச்செல்வதில்லை. கருவியை அணைத்துப் போட்டால் நன்றாக ஓடுகிறது. ‘பழுது காணவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

2008 அக்டோபர் 7ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் 72 விமானத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலின் மேலே பறந்தபோது ஏர்பஸ் ஏ330 திடீரெனத் தானாக மூக்கைக் கீழே சாய்த்தது, அடுத்த சில நிமிடங்களில் மறுபடியும் சாய்த்தது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். குறைந்தது 110 பயணிகளும் 9 பணியாளர்களும் காயமடைந்தார்கள். தரவு வழங்கும் மூன்று அலகுகளில் ஒன்று, இறக்கையைக் காற்று சந்திக்கும் கோணத்தைக் குறித்துத் திடீர் முள்போன்ற பொய் எண்களை அனுப்பியிருந்தது. கடலோரத்தில் இருந்த சக்திவாய்ந்த கடற்படை ஒலிபரப்பு நிலையத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மூன்று ஆண்டு ஆராய்ந்து, அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது. அந்த அலகு ஏன் பொய் எண்களைத் தந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் வாரியம் இன்னொன்றை உறுதியாகக் கண்டுபிடித்தது. பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி, தாவும் எண் ஒன்றைக் கண்டால் 1.2 விநாடிக்குப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும், சரியாக 1.2 விநாடி கழித்து இன்னொரு முள் வந்தால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஓட்டையை ஏர்பஸ் நிறுவனம் அடைத்தது. பொய் எண்ணின் பிறப்பிடம் தெரியாமலே விமானத்தைப் பாதுகாப்பாக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். மூலம் எது என்று தேடுவது விசாரணைக்குத் தேவை. வந்ததை இயந்திரம் எப்படி எதிர்கொள்கிறது என்று கேட்பதுதான் அடுத்த பயணியைக் காக்கிறது. சான்று போதவில்லை என்ற ஆட்சேபத்துக்கு என் பதில் இதுவே: இந்த வழியில் போக, குற்றவாளியை நிரூபிக்கத் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்வது? வழிகள் புதியவை அல்ல. ஒரே செய்தியை இரண்டு தடங்களில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்பினால், இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும் அலை உடனே மாட்டிக்கொள்ளும். ஒரு தடத்தைச் செம்புக் கம்பியிலும் இன்னொன்றைக் கண்ணாடி இழையிலும் கொண்டுபோனால் ஒரே அலை இரண்டையும் கெடுக்க முடியாது. மூன்று கணினி வேண்டுமென்றால் மூன்றும் வெவ்வேறு விதமாக உணரட்டும்: ஒன்று அழுத்தத்தால், ஒன்று ஒளியால், ஒன்று வெப்பத்தால். நினைவகத்தில் உள்ளதையும் கம்பியில் வருவதையும் சரிபார்ப்பு எண்களோடு வைக்க வேண்டும். கணினி மயங்கி நின்றுவிட்டால் தட்டி எழுப்பத் தனியாக ஒரு காவல் சுற்று வேண்டும். தடுமாற்றம் தெரிந்தவுடன் போய் நிற்கப் பாதுகாப்பான நிலை ஒன்று வேண்டும். 1990களில் மின்சாரச் சக்கர நாற்காலிகள் ரேடியோ அலையால் பிரேக் விடுபட்டுத் தானாக நகர்ந்ததை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆராய்ந்தது. அத்தகைய நாற்காலிக்குப் பாதுகாப்பான நிலை எளிது: மின்சாரம் பாய்ந்தால்தான் பிரேக் விடும், சந்தேகம் வந்தால் பிரேக் பிடிக்கும். வென்டிலேட்டருக்கும் விமானத்துக்கும் ‘நின்றுவிடு’ என்பது பாதுகாப்பு ஆகாது. அங்கே குறைந்த திறனோடாவது ஓடிக்கொண்டே, உரக்க அலாரம் அடிக்க வேண்டும். எது பாதுகாப்பான நிலை என்பதைத் தீர்மானிப்பது அலையியல் நிபுணரால் மட்டும் ஆகாது. செவிலியரும் விமானியும் அந்த மேசையில் உட்கார வேண்டும். மின்பொறியாளர் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ.யின் 1848-2020 என்ற தரம் இத்தகைய நுட்பங்களைத் தொகுத்துத் தருகிறது. கவசமும் ஃபில்டரும் தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அவை மதில். மதில் ஏறி வந்தவனுக்கு வீட்டுக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்பது அடுத்த கேள்வி.

கருவியைத் திருத்துவதைவிட மனிதர்களுக்கு விதி போடுவது மலிவு, ‘செல்போனை அணைக்கவும்’ என்று பலகை மாட்டினால் போதும் என்பாரும் உண்டு. அத்தகைய ஒழுங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு போர்க்கப்பல் சாட்சி. 1982 மே 4ஆம் தேதி ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு போர்க்கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தார்கள். எதிரி ரேடாரை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் கருவி கப்பலில் இருந்தது. கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பு பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கருவிக்குக் காது கேட்காது. அந்த நேரத்தில் தொடர்பு பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கப்பலின் சொந்தக் கருவிகள். ஒன்று பேசும்போது மற்றது கேட்காது என்பதை நேர ஒழுங்கால் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலை அது. போர்க்கப்பலின் கட்டுப்பாட்டிலேயே ஒழுங்கு தவறும் என்றால், அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் உறவினரின் சட்டைப்பையை நம்பி ஒரு சிரிஞ்ச் பம்ப்பை வைக்கலாமா?

செலவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. நம் நாட்டின் சிறு தயாரிப்பாளருக்கு ஒருமுறை சோதனைக்கூடம் போய் வருவதே பெருஞ்செலவு. அதற்கு மேல் இடர்க் கோப்பும் ஆய்வும் கேட்பது அவர் கழுத்தை நெரிக்கும் என்கிறார்கள். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் செலவு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நேரும் தலைகீழுமாகச் செய்தி அனுப்புவது மென்பொருளில் சில நூறு வரிகள். முழு வட்ட இணைப்பி சில ரூபாய் அதிகம். வரைபடம் மேசையில் இருக்கும்போது இவை மலிவு. அச்சு வார்த்தபின் கவசத்தைத் தேடி ஓடுவதுதான் தொழிலைச் சாய்க்கிறது. சோதனையில் தோற்றுத் தோற்று மறுபடி போகும் செலவையும் இந்த ஒழுங்கு குறைக்கும். அரசு மானியம் கொடுக்க விரும்பினால், சோதனைக் கட்டணத்தில் கொடுப்பதோடு வடிவமைப்புக் கட்டத்தில் ஒரு நிபுணரோடு உட்காரும் நாள்களுக்கும் கொடுக்கட்டும்.

வாங்குபவர் பக்கத்திலும் வேலை இருக்கிறது. டெண்டரில் ‘சான்றிதழ் உண்டா’ என்ற ஒற்றை வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: குறுக்கீடு தாங்குதிறனை மீறினால் கருவி என்ன செய்யும், அதை எப்படித் தெரிவிக்கும். பதில் இல்லாத நிறுவனத்திடம் உயிர் காக்கும் கருவி வாங்க வேண்டாம். வாங்கிய பின் பழுதுபார்ப்பவரின் பட்டியலில் மூடியின் எல்லாத் திருகுகளும், கேபிளின் முழு வட்டத் தொடுகையும், கேஸ்கெட்டின் துருவும் இடம்பெற வேண்டும். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற திட்டம் நடக்கிறது. தானாக நின்று தானாக ஓடத் தொடங்கிய ஒரு கருவியைப் பற்றி அதற்கு எழுதும்போது, அந்தக் கணத்தில் அறையில் என்னென்ன இயங்கிக்கொண்டிருந்தன, யார் கையில் எந்த ஒலிபரப்பி இருந்தது, எத்தனை அடி தூரம் என்பதைச் செவிலியர் நினைவிருக்கும்போதே குறித்து வைக்கட்டும். மணி, நிமிடம், கட்டில் எண், பக்கத்தில் இருந்த சாதனம். ‘பழுது காணவில்லை’ என்று மூடப்படும் கோப்புகளில் இந்த நான்கும் இருந்தால், பத்து மருத்துவமனைகளின் கோப்புகளை அடுக்கி வைத்துப் பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று தெரியத் தொடங்கும்.